கறிவேப்பிலை தடவிய பானை

கறிவேப்பிலையின் தாவரவியல் பெயருக்குள் ஒரு மனிதர் உட்கார்ந்திருக்கிறார். முர்ரயா கோனிகி என்றுதான் நம்மில் பலர் படித்திருப்போம். இப்போது தாவரவியலாளர்கள் லின்னேயஸ் 1771இல் வைத்த பழைய பெயருக்கே திரும்பிவிட்டார்கள்: பெர்கெரா கோனிகி. முன்பெயர் மாறினாலும் பின்பெயர் அசையவில்லை. அந்தக் கோனிக் தரங்கம்பாடியில் டாக்டராக இருந்தவர். முழுப்பெயர் யோஹான் கெர்ஹார்ட் கோனிக். இன்றைய லாட்வியாவில் 1728இல் பிறந்து, ஸ்வீடனின் உப்சாலாவில் லின்னேயஸிடம் பாடம் கேட்டு, ஐஸ்லாந்து வரை போய்ச் செடி சேகரித்துவிட்டு, 1768இல் டேனிஷ்காரர்கள் வசம் இருந்த தரங்கம்பாடிக்கு மிஷன் மருத்துவராக வந்து சேர்ந்தார்.

அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் செடிகொடிகளைத்தான் எழுதுவார்கள். எனக்கு அவர்மேல் ஆர்வம் வந்தது கரையான் வழியாக.

ஹென்றி ஸ்மீத்மன் என்ற ஆங்கிலேயர் ஆப்பிரிக்கக் கரையான்களைப் பற்றி 1781இல் லண்டன் ராயல் சொசைட்டியில் வாசித்த நெடுங்கட்டுரை ஒன்று உண்டு. கரையான் ஆராய்ச்சியின் வரலாற்றை யார் எழுதினாலும் அங்கேதான் தொடங்குவார்கள். அதைப் படித்துக்கொண்டே போகும்போது ஓர் அடிக்குறிப்பில் சட்டென்று நம்ம ஊர் வந்துவிட்டது. கோனிக் என்பவர் பெர்லின் இயற்கை ஆய்வாளர் சங்கத்துக்கு எழுதிய கட்டுரையில் இப்படிச் சொல்கிறார் என்று ஸ்மீத்மன் சுருக்கித் தருகிறார். கோனிக்கின் அந்தக் கட்டுரை ஜெர்மன் மொழியில் 1779இல் வெளியானது. தஞ்சைப் பகுதியில் தான் கண்ட கரையான்களைப் பற்றி அவர் அதில் எழுதியிருந்தார்.

விஷயம் இதுதான். ஈசல் பறக்கும் பருவத்துக்கு முன்பே இந்த ஊர் மக்கள் அவற்றைப் பிடித்துவிடுகிறார்கள். புற்றில் இரண்டு துளை போடுகிறார்கள். ஒன்று காற்று வரும் பக்கம், இன்னொன்று காற்று போகும் பக்கம். காற்று போகும் பக்கத்துத் துளையில் ஒரு பானையின் வாயை வைக்கிறார்கள். பானையின் உட்புறம் பெர்கெரா என்ற வாசனைத் தழையைத் தேய்த்திருப்பார்கள். மறுபக்கத் துளையில் நாற்றம் பிடித்த பொருட்களைப் போட்டுப் புகைமூட்டுவார்கள். புகை தாங்காமல் ஈசல்கள் பானைக்குள் வந்து விழும். சில சமயம் நல்ல பாம்பும் சேர்ந்து வரும். பிடித்த ஈசலை மாவோடு சேர்த்துப் பலகாரம் செய்து ஏழைகளுக்கு மலிவாக விற்பார்கள். பெண்கரையானை, அதாவது புற்றின் ராணியை, உயிரோடு கிழவர்களுக்குத் தின்னக் கொடுப்பார்கள். முதுகுக்கு வலு வருமாம்.

அந்தத் தழை ஐரோப்பாவில் லாரல் இலைக்கு இருக்கும் மதிப்பைவிட இங்கே அதிக மதிப்புள்ளது என்றும் அந்தக் குறிப்பு சொல்கிறது. ஸ்மீத்மனுக்கு அது என்ன தழை என்று தெரிந்திருக்க வாய்ப்பு குறைவு. நமக்குத் தெரியும். பெர்கெரா என்றால் கருவேப்பிலை. தன் பெயரையே தாங்கிய செடியை, பாவம், கோனிக் ஈசல் பிடிக்கிற சட்டிக்குள் பார்த்திருக்கிறார்.

'கரையான் புற்றெடுக்கக் கருநாகம் குடிபுகுந்த மாதிரி' என்று நாம் உவமையாகச் சொல்லிவிட்டுப் போகிறோம். புகை போட்டவருக்கு அது உவமை இல்லை, தினப்படி ஆபத்து. பானைக்குள் கைவிடுவதற்கு முன் அவர் எட்டிப் பார்த்திருப்பார். காற்றின் திசை தெரிந்து, புற்றுக்குள்ளே பாதைகள் ஒன்றோடொன்று இணைந்திருப்பது தெரிந்து, எந்த மாதத்தில் இறக்கை முளைத்த பருவம் உள்ளே தயாராகக் காத்திருக்கும் என்பது தெரிந்துதான் இந்த வேலையைச் செய்ய முடியும். புற்றுக்குள் காற்று ஓடுகிறது என்பதை ஐரோப்பிய விஞ்ஞானம் அளந்து பார்க்க இன்னும் நெடுங்காலம் இருந்தது.

இங்கே லின்னேயஸைக் கொஞ்சம் வம்புக்கு இழுக்கலாம். 1758இல் வந்த தன் புகழ்பெற்ற நூலில் அவர் கரையானை இறக்கையில்லாப் பூச்சிகளின் வரிசையில், பேனுக்கும் தெள்ளுப்பூச்சிக்கும் பக்கத்தில் வைத்தார். இரு இந்தியாக்களுக்கும், அதாவது கிழக்குக்கும் மேற்குக்கும், இதுவே பெரிய நாசம் என்றும் குறித்தார். மழை விட்ட சாயங்காலம் குண்டு பல்புக்குக் கீழே நின்ற எந்தத் தமிழ்ப் பிள்ளையும் அவரைத் திருத்தியிருக்கும். ஈசல் என்பது இறக்கை முளைத்த கரையான் என்பது நமக்குப் பாடம் எடுத்து வந்த அறிவு இல்லை. பறம்பு மலையைப் பற்றிக் கபிலர் பாடிய புறநானூற்றுப் பாட்டு ஒன்றில் செம்புற்றிலிருந்து எடுத்த ஈசலைப் புளித்த மோரில் சமைத்த உணவு வருகிறது. பாரி இறந்தபின் அவன் நாட்டின் வளத்தை நினைத்து ஏங்கும் பாட்டு அது. ஈசல் அங்கே வறுமையின் சாப்பாடாக வரவில்லை, வளத்தின் அடையாளமாக வருகிறது.

கோனிக்கின் காலத்தில் அது ஏழைகளுக்கு விற்கிற மலிவுப் பலகாரம் ஆகியிருக்கிறது. இந்த இடைவெளி எனக்கு உறுத்தியது. 1773இல் ஆற்காட்டு நவாபின் படை, கம்பெனிப் படையின் துணையோடு தஞ்சாவூரைப் பிடித்தது. 1776 வரை தஞ்சை அரசு நவாபின் கையில் இருந்தது. வரி வசூல் கடுமையாக நடந்த காலம். கோனிக் 1774இல் மிஷன் வேலையை விட்டு அதே நவாபிடம் இயற்கை ஆய்வாளராகச் சம்பளத்துக்குச் சேர்ந்தார். மிஷன் கொடுத்த பணம் அவருடைய பயணங்களுக்குப் போதவில்லை. 1778இல் கிழக்கிந்தியக் கம்பெனி அவரை எடுத்துக்கொண்டது. ஆக, தஞ்சை மண்ணைப் பிழிந்தவர்களின் சம்பளத்தில்தான் தஞ்சை மண்ணின் உயிர்களைப் பற்றிய முதல் குறிப்புகள் பின்னர் எழுதப்பட்டன. கோனிக்கைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற இதைச் சொல்லவில்லை. அவர் செல்வம் சேர்த்தவரும் இல்லை. ஆனால் அந்த அடிக்குறிப்பின் கடைசி வரி இந்தப் பின்னணி தெரிந்து படித்தால் வேறு மாதிரி கேட்கிறது. ஈசல் நிறையக் கிடைக்கும் பருவங்களில் மக்கள் அதை அளவுக்கு மீறித் தின்கிறார்கள், அதனால் வயிற்றுவலியும் பேதியும் கொள்ளைநோயாகப் பரவி இரண்டு மூன்று மணி நேரத்தில் ஆளைக் கொல்கிறது என்கிறது அது.

ஈசல் தின்று யாரும் மூன்று மணி நேரத்தில் சாவதில்லை. நானும் தின்றிருக்கிறேன். புதுக்கோட்டைப் பக்கம் எங்கள் ஊரில் புழுங்கலரிசியை வறுத்து, இறக்கை புடைத்த ஈசலையும் வறுத்து, இரண்டையும் கலந்து பிள்ளைகள் கையில் கொடுப்பார்கள். "ரொம்பத் திங்காதடா, வயிறு கழியும்" என்று அப்பத்தா சொல்லும், அவ்வளவுதான். அவ்வளவு வேகமாக ஆளை அடிக்கும் பேதி என்றால் எனக்குக் காலராதான் ஞாபகம் வருகிறது. ஈசல் பறக்கிற மழைக்காலம்தான் குடிதண்ணீர் கெடுகிற காலமும். பசியில் இருக்கும் உடம்பு, கலங்கிய தண்ணீர், கையில் ஈசல் பலகாரம். டாக்டர் பலகாரத்தைப் பார்த்துவிட்டார். இது என் ஊகம். ஆனால் ஏழை செத்தால் அவன் தின்றதுதான் காரணம் என்று முடிவுகட்டும் வழக்கம் அன்றைக்கும் இருந்திருக்கிறது.

இனி ஸ்மீத்மன். 1771இல் ஜோசப் பேங்க்ஸ், டாக்டர் ஃபாதர்கில், ட்ரூ ட்ரூரி போன்ற பணக்கார ஆர்வலர்கள் செலவு செய்து அவரைப் பூச்சி பிடிக்கச் சியரா லியோனுக்கு அனுப்பினார்கள். பனானா தீவுகளில் தங்கினார். உள்ளூர்க் குடும்பங்களில் பெண் எடுத்தார். பக்கத்தில் பன்ஸ் தீவு. அது அடிமை வணிகர்களின் கோட்டை. அங்கே அவர் விருந்தாளி. கீழே சங்கிலியில் மனிதர்கள், மேலே துரைமார்கள் கோல்ஃப் ஆடினார்கள். இதை எழுதிவைத்தவரும் அவரே. 1775இல் அவர் மேற்கிந்தியத் தீவுகளுக்குப் போனதும் ஓர் அடிமைக் கப்பலில்தான்.

இப்படிப்பட்ட இடத்திலிருந்து வந்ததுதான் கரையான் அறிவியலின் அடித்தளம். கட்டுரை உண்மையிலேயே அபாரமானது, அதில் சந்தேகம் இல்லை. புற்றை வெட்டித் திறந்து அறை அறையாக விவரிக்கிறார். ராணியின் வயிறு அதன் உடலின் மற்றப் பாகத்தைவிட 1,500, 2,000 மடங்கு பருத்திருப்பதை, நிமிடத்துக்கு 60 முட்டை, ஒரு நாளில் 80,000க்கு மேல் என்று அது இட்டுக்கொண்டே இருப்பதை எழுதுகிறார். தன் உடலளவோடு ஒப்பிட்டால் கரையான் கட்டும் கோபுரத்துக்கு முன் எகிப்தின் பிரமிடு ஒன்றுமில்லை என்று கணக்குப் போடுகிறார். வறுத்த கரையான் ருசியானது என்று சான்றிதழும் தருகிறார். கட்டுரையின் படங்களில் ஒன்றில் புற்றின் உச்சியில் ஒரு காளை நிற்கிறது.

புற்றை வெட்டியது யார்? கடப்பாறையால் இடித்தாலும் லேசில் உடையாத மண் அது. காவல் கரையான் கடித்தால் ரத்தம் வரும், அதையும் அவரே சொல்கிறார். வெறுங்காலோடு நின்று வெட்டிய ஆப்பிரிக்கர்கள் கட்டுரையில் பன்மையில் மட்டும் வருகிறார்கள். ராஜா, ராணி, படைவீரன், உழைப்பாளி என்ற பெயர்களோ புற்றுக்குள் நிரந்தரமாகத் தங்கிவிட்டன. இன்றைக்கும் நாம் அப்படித்தான் சொல்கிறோம். ராணி ஆள்வதில்லை, ஓர் இருட்டறையில் முட்டையிடுகிறது, அவ்வளவுதான். நெருக்கடி வந்தால் அந்த அறைக்குள் பூட்டப்பட்டிருக்கும் முதல் உயிரும் அதுதான்.

அறைகளுக்கு நடுவே இருவரும் ஒன்றைக் கவனித்தார்கள். மூளை மாதிரி மடிப்பு மடிப்பாக ஒரு பழுப்புக் கூடு, அதன்மேல் குண்டூசித் தலை அளவில் வெள்ளை உருண்டைகள். கோனிக் அது பூஞ்சை என்று தஞ்சைப் புற்றிலிருந்து எழுதினார். கரையான் விழுங்கி வெளியேற்றிய செத்தையின்மேல் வளர்க்கும் பயிர் அது. மரத்தின் கெட்டியான பாகத்தை இந்த வகைக் கரையானால் தனியாகச் செரிக்க முடியாது. பூஞ்சை அதை உடைத்துக் கொடுக்கிறது. 1942இல் பிரெஞ்சு ஆய்வாளர் ரோஜே ஏம் அந்தப் பேரினத்துக்கு டெர்மிட்டோமைசிஸ் என்று பெயர் வைத்தார். சுமார் 3 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆப்பிரிக்காவில் தொடங்கிய விவசாயம் இது. மழைக்குப் பின் புற்றின்மேல் முளைக்கிற புற்றுக்காளான் அந்தப் பயிரின் பூ என்று வைத்துக்கொள்ளுங்கள். கிராமத்தில் அதற்காக விடிகாலையில் ஓட்டப்பந்தயமே நடக்கும். சந்தையில் வாங்குகிற சிப்பிக் காளானைப் போல இதைப் பண்ணையில் வளர்க்க மனிதர்கள் செய்த முயற்சிகள் கைகூடவில்லை. கரையான் இல்லாமல் அது வளர மறுக்கிறது.

இவ்வளவு தெரிந்தபிறகும் கரையான் ஒரு தொல்லை என்ற பேச்சு மாறவில்லை. கப்பலை, நூலகத்தை, தந்திக் கம்பத்தை, கச்சேரிக் கோப்பை அரிக்கிற பூச்சி. காலனி அரசு ஒரு பூச்சியை எப்படிப் பார்க்கும்? தன் காகிதத்தின் கோணத்திலிருந்துதான். மண்ணின் கோணத்திலிருந்து பார்க்க ஒரு நூற்றாண்டு ஆயிற்று, அதுவும் மண்புழு வழியாக.

சார்ல்ஸ் டார்வின் தன் கடைசிப் புத்தகத்தை மண்புழுவுக்கு எழுதினார். 1881 அக்டோபரில் வெளிவந்தது, ஆறு மாதத்தில் அவர் இறந்துவிட்டார். இங்கிலாந்தின் பல இடங்களில் ஒரு ஏக்கரில் ஆண்டுக்குப் பத்து டன் மண் புழுவின் உடல் வழியாக மேலே வருகிறது என்பது அதன் புகழ்பெற்ற கணக்கு. பலரும் கவனிக்காதது, அந்தப் புத்தகத்தில் இந்தியாவும் இருக்கிறது. கல்கத்தா தாவரவியல் தோட்டத்திலிருந்து கோபுரம் மாதிரி நிற்கும் புழுக்கழிவு ஒன்றும், நீலகிரியிலிருந்து இன்னொன்றும் நிஜ அளவில் படமாக அச்சாகியிருக்கின்றன. நீலகிரிப் புழு மனிதனின் சுண்டுவிரல் பருமன் இருக்கும் என்றும் எழுதியிருக்கிறார். கல்கத்தாத் தகவல்களைத் தேடித் தந்த ஜான் ஸ்காட், எடின்பரோவில் சாதாரணத் தோட்டக்காரராக இருந்தவர். அவருடைய திறமையைக் கடிதங்களில் கண்ட டார்வின்தான் 1864இல் வழிச்செலவு கொடுத்து இந்தியாவுக்கு அனுப்பினார். ஸ்காட் 1880இல் இறந்துபோனார், புத்தகத்தைப் பார்க்கவில்லை.

அதற்கு ஏழு ஆண்டு கழித்து, 1888இல், ஹென்றி டிரம்மண்ட் என்ற ஸ்காட்லாந்துக்காரர் ஆப்பிரிக்கப் பயணநூல் ஒன்றில் டார்வினோடு ஓர் உரையாடலைத் தொடங்கினார். நியாசா ஏரிப் பக்கம் அலைந்தபோது மண்புழுவை அரிதாகவே கண்டேன், வருஷத்தில் பாதி நாள் வெயிலில் இறுகிக் கிடக்கும் மண்ணில் புழு என்ன செய்யும் என்று கேட்டார். அங்கே அந்த வேலையைச் செய்வது கரையான் என்பது அவர் வாதம். அடியிலிருந்து மண்ணைச் சுமந்து மேலே வந்து, செத்த மரங்களின்மேல் மண்கூரை பூசி, உள்ளே இருந்து தின்கிறது. மழை வந்து அந்தக் கூரையைக் கரைத்து நிலத்தில் பரப்புகிறது. காலனிக் கோப்பைத் தின்ற பூச்சியை ஒருவர் முதன்முறையாக உழவனாகப் பார்த்தது அநேகமாக இங்கேதான்.

டிரம்மண்ட் சொன்னது பாதி சரி. வெப்பமண்டலம் என்றால் மண்புழு இல்லாத இடம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஐவரி கோஸ்ட்டின் லம்தோ புல்வெளியில் 1970களில் பத்ரிக் லவேல் செய்த ஆய்வுகள், அங்கே மண்புழுக்கள் ஒரு ஹெக்டேரில் ஆண்டுக்கு நூற்றுக்கணக்கான டன் மண்ணை விழுங்கி வெளியேற்றுகின்றன என்று காட்டின. டார்வினின் இங்கிலாந்துக் கணக்கு அதன் பக்கத்தில் நிற்கவே முடியாது. ஆனால் மழை குறையக் குறையக் கரையானின் கை ஓங்கும் என்பது சரிதான். மண் காய்ந்தால் புழு ஆழத்தில் சுருண்டு முடங்கிவிடும். கரையான் அடியிலிருந்து ஈரத்தை ஏற்றிவந்து, மூடிய சுரங்கப்பாதைக்குள் கோடை முழுக்க வேலை செய்யும். புற்றுமண் களிமண் செறிந்து, சுற்றியுள்ள நிலத்திலிருந்து வேறுபட்டிருப்பதும் இதனால்தான். குதிருக்கும் அடுப்புக்கும் திண்ணைக்கும் புற்றுமண் தேடிப் போன பெண்களுக்கு இது சொல்லித் தெரிய வேண்டியது இல்லை. ஆறாம் நூற்றாண்டு வராகமிகிரர் தன் பிருகத் சம்ஹிதையில் நிலத்தடி நீர் தேடுவதற்கென்றே ஓர் அத்தியாயம் எழுதினார். இன்ன மரத்துக்கு இன்ன திசையில் புற்று இருந்தால் இத்தனை ஆள் ஆழத்தில் தண்ணீர் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு போகிறார். எல்லாம் பலிக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். புற்றைத் தண்ணீரோடு சேர்த்து யோசித்திருக்கிறார்கள் என்பதுதான் விஷயம்.

1980 வாக்கில், பஞ்சத்தில் மக்கள் ஊரைக் காலி செய்துகொண்டிருந்த புர்கினா ஃபாசோவில், யாக்கூபா சவதோகோ என்ற விவசாயி ஊரை விட்டுப் போகவில்லை. சிமெண்ட் தரை மாதிரி இறுகிய நிலத்தில் கோடையிலேயே சின்னச் சின்னக் குழி தோண்டி, எருவும் செத்தையும் போட்டு வைத்தார். ஸாய் என்பது அங்கே பழைய முறை, அவர் குழியை அகலப்படுத்தினார், எருவைச் சேர்த்தார். எருவைத் தேடிக் கரையான் வந்தது. இறுகிய மண்ணைத் துளைத்தது. மழை பெய்தபோது தண்ணீர் வழிந்தோடாமல் அந்தத் துளைகள் வழியாக உள்ளே இறங்கியது. சோளமும் கம்பும் விளைந்தன, பிறகு ஒரு காடே வளர்ந்தது. பக்கத்து ஊர்க்காரர்கள் முதலில் அவரைப் பைத்தியம் என்றார்கள். 2018இல் ரைட் லைவ்லிஹுட் விருது கிடைத்தது. 2023இல் இறந்தார்.

எங்கள் ஊரில் கடலைக் காட்டுக்கு குளோர்பைரிபாஸ் ஊற்றுவோம். அதே கொல்லையின் ஓரத்தில் வேப்பமரத்தடிப் புற்றுக்கு ஆடி வெள்ளியில் மஞ்சள் பூசிப் பால் ஊற்றுவோம். திருவாரூர் கோயிலின் மூலவருக்கே புற்றிடங்கொண்டார் என்று பெயர் வைத்த ஊர்க்காரர்கள் நாம். உலகில் சுமார் 3,000 வகைக் கரையான் உண்டு, அவற்றில் மனிதனுக்குத் தொல்லை தருபவை பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. மருந்துக்கு அந்த வித்தியாசம் தெரியாது. நிலக்கடலையின் காய்த்தோட்டை நிஜமாகவே கரையான் சுரண்டுகிறது, கண்ணால் பார்த்திருக்கிறேன், அதனால் விவசாயியைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. ஆனால் கொல்லையில் மட்கிய சருகு எல்லாவற்றையும் கூட்டிக் கொளுத்திவிட்டால் அது வேறு எதைத் தின்னும்?

கோனிக்கின் கதை இன்னும் கொஞ்சம் இருக்கிறது. கம்பெனி வேலையில் சேர்ந்தபின் சயாமுக்கும் மலாக்காவுக்கும் போய்த் திரும்பினார். 1785இல் வடக்கே பயணம் போன வழியில் உடம்புக்கு முடியாமல் போனது. காக்கிநாடாவை அடுத்த ஜெகநாதபுரத்தில், அப்போது அந்தப் பக்கம் கம்பெனி மருத்துவராக இருந்த வில்லியம் ராக்ஸ்பர்க் அவரைப் பார்த்துக்கொண்டார். பின்னாளில் இந்தியத் தாவரவியலின் தந்தை என்று புகழப்பட்ட அதே ராக்ஸ்பர்க். காப்பாற்ற முடியவில்லை. வந்தது சீதபேதி. கோனிக் தன் குறிப்புகளையெல்லாம் லண்டனில் இருந்த ஜோசப் பேங்க்ஸுக்கு எழுதிவைத்துவிட்டு அந்த ஜூன் மாதம் இறந்தார். ஸ்மீத்மனை ஆப்பிரிக்காவுக்கு அனுப்பிய, ஸ்மீத்மனின் கரையான் கட்டுரை கடித வடிவில் யாருக்கு எழுதப்பட்டதோ, அந்தப் பேங்க்ஸ். மறு வருஷம் ஸ்மீத்மனும் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். தஞ்சைப் புற்றும் சியரா லியோன் புற்றும் கடைசியில் காகிதமாகி ஒரே வீட்டு அலமாரியில் சேர்ந்தன.